அன்னதானத்தில் பருப்பு ஏன்?
(உயிரணுவின் வாசலைப் பற்றி ஓர் எளிய பாடம்)



சென்ற ஆண்டு அன்னதானக் கணக்கைச் சரிபார்க்க அமர்ந்தபோது, செயற்குழு அன்பர் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். "பருப்பு விலை ஏறிக்கொண்டே போகிறது. சாம்பாரில் பருப்பைக் குறைத்து, பூசணியையும் உருளைக்கிழங்கையும் கூட்டினால் என்ன? வந்தவர்களுக்கு வயிறு நிறைந்தால் போதாதா?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆலயப் பணத்தைக் காக்கும் அக்கறையே அது. ஆயினும் தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் போதித்த எனக்கு மனம் ஒப்பவில்லை. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத விடையை இம்மலரில் எழுதுகிறேன்.

மாலையும் பூவும்

பருப்பு, பால், மீன், முட்டை ஆகியவற்றில் உள்ள புரதச்சத்து, பூமாலையைப் போன்றது. அதில் கோத்திருக்கும் பூக்களே அமினோ அமிலங்கள். நம் உடம்பு பயன்படுத்தும் பூக்கள் 20 வகை. அவற்றுள் 9 வகையை உடம்பால் போதிய அளவு செய்துகொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும்.

நாம் உண்ட புரதமாலையை இரைப்பையும் கணையமும் சிறுகுடலும் சேர்ந்து உதிர்க்கின்றன. உதிர்ந்த பூக்களைக் கொண்டு தசை, தோல், இரத்தம் என உடம்பு தனக்கு வேண்டிய மாலைகளைக் கட்டுகிறது. மாலைக்கு வேண்டிய பூவில் ஒரு வகை இல்லாவிட்டாலும் கட்டும் வேலை நின்றுவிடும். மற்றப் பூக்கள் கூடை கூடையாய் இருந்தும் பயனில்லை.

வாசலில் நிற்கும் ஜாகா

வயிற்றுக்குள் போனதெல்லாம் உடம்புக்குள் போனதாகிவிடுமா? இல்லை. சிறுகுடலின் உட்சுவரிலுள்ள ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு சூழ்ந்துள்ளது. அமினோ அமிலங்கள் நீரில் கரைபவை. எண்ணெயும் நீரும் ஒட்டாதது போல, அவற்றால் அச்சவ்வைத் தாமாகக் கடக்க இயலாது. அதற்கென்று சவ்வில் தனித்தனி வாசல்கள் உள்ளன. அந்த வாசல்களும் புரதத்தால் ஆனவையே.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோட்ட வாசலில் ஜாகா நிற்பார். எந்த லோரி எந்த வழியாய்ப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். உயிரணுவின் வாசல்களும் அப்படித்தான். ஒவ்வொரு வாசலும் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை மட்டுமே அனுமதிக்கும்.

உயிரணுக்களின் உள்ளே அமினோ அமிலங்கள் வெளியே உள்ளதைவிட அடர்த்தியாய்ச் சேர்வதை, அமெரிக்க அறிஞர் ஹால்வர் கிறிஸ்டென்சன் 1950களில் ஆராய்ந்து விளக்கினார். நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடுவதே இயல்பு. இங்கோ பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கிறது. ஏற்றிவிடுவது யார்?

கை கொடுக்கும் உப்பு

உப்பிலுள்ள சோடியம்தான் அந்தத் துணை. உயிரணு, ஓய்வின்றி 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இந்த 'பம்பு' வேலையைச் செய்யும் புரதத்தை டென்மார்க் நாட்டின் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் கண்டறிந்தார்; அதற்காக 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இதனால் உயிரணுவின் உள்ளே சோடியம் குறைவு, வெளியே மிகுதி. வெளியே உள்ள சோடியம் உள்ளே பாயத் துடிக்கிறது. அப்படிப் பாயும்போது ஓர் அமினோ அமிலத்தையும் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது.

சர்க்கரைக்கும் இவ்வாறே ஒரு வாசல் உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது, போங்காவ் அகதி முகாமில் காலராவால் துவண்டவர்களுக்கு மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். அந்த நீருக்கு ஆற்றல் தந்ததும் இந்தக் கூட்டு நுழைவுதான்.

ஒன்றை விட்டு ஒன்றை வாங்குதல்

எல்லா அமிலமும் சோடியத்தின் கையை நேராகப் பிடிப்பதில்லை. லைசின் என்பது பருப்பில் மிகுதியாகவும் அரிசியில் குறைவாகவும் உள்ள அமிலம். சிறுகுடலில் அது நுழையும் முக்கிய வாசல் ஒரு பண்டமாற்று வாசல். காலியான எரிவாயுத் தோம்பைக் கொடுத்து நிறைந்த தோம்பை வாங்குகிறோமே, அது போல, உள்ளே இருக்கும் வேறோர் அமினோ அமிலத்தை வெளியே விட்டு லைசினை உள்ளே எடுத்துக்கொள்கிறது உயிரணு. அப்படி வெளியே விடப்பட்ட அமிலம், சோடியத்தின் துணையோடு மீண்டும் உள்ளே வந்துவிடும். பின்னர் உயிரணுவின் மறுபக்கத்து வாசல்கள் வழியாக இவை இரத்தத்தில் கலக்கின்றன.

ஒரு வாசல் பழுதானால் என்னாகும்? 1956இல் இலண்டன் மருத்துவர்கள் ஹார்ட்னப் என்னும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அதைக் கண்டனர். வெயில் பட்டால் தோல் தடித்தது; நடை தள்ளாடியது. டிரிப்டோபான் முதலிய அமிலங்களுக்குரிய வாசல் குடலிலும் சிறுநீரகத்திலும் சரியாக வேலை செய்யவில்லை. அதற்குக் காரணமான மரபணு 2004இல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் இறைவன் படைப்பில் ஒரு வாசல் அடைபட்டால் மறுவாசல் உண்டு. இரண்டு மூன்று அமிலங்கள் சேர்ந்த சிறு துண்டுகளுக்கென்று வேறொரு வாசல் இருப்பதால், இந்நோயாளிகளுக்கும் புரத உணவு பயன்படுகிறது.

விரதமும் வெளிவாசலும்

உள்ளே வருவது மட்டுமன்று, வெளியே செல்வதும் உண்டு. தைப்பூசத்திற்கு நாம் விரதம் இருக்கும்போது, தசைகள் தம் புரதத்தில் ஒரு பகுதியை உதிர்த்து, அலனின், குளூட்டமின் ஆகிய அமிலங்களை இரத்தத்தில் விடுகின்றன. ஈரல் அலனினைச் சர்க்கரையாக மாற்றி மூளைக்கும் இரத்தத்திற்கும் உதவுகிறது. தசை செய்யும் தானம் என்றே இதனைக் கூறலாம். தானம் செய்தவனுக்குத் திருப்பித் தர வேண்டாமா? விரதம் முடித்து உண்ணும்போது, சோற்றின் மாவுச்சத்து இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. அந்த இன்சுலின், அமினோ அமிலங்கள் தசைக்குள் செல்லத் துணைபுரிகிறது. அந்நேரம் இரத்தத்தில் பருப்பின் அமிலங்களும் இருந்தால்தானே உள்ளே செல்ல ஏதேனும் இருக்கும்?

அரிசியும் பருப்பும்

சேலத்தில் 1918இல் பிறந்து, நூறாண்டு வாழ்ந்து 2019இல் மறைந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், ஏழைகளின் உணவையே ஆராய்ந்தவர். குன்னூரில் தொடங்கி ஐதராபாத்திற்கு மாறிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, பின் அதன் இயக்குநரானார். இந்திய உணவுகளின் சத்துகளைப் பட்டியலிட்ட நூலை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் புரதம். துவரம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம். அளவைவிட முக்கியமானது பூவின் வகை. அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. இரண்டும் ஒரே கவளத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஒரே நாளில் உண்டாலும் பலன் உண்டு. ஆனால் நம் ஆலயத்தில் இலைக்கு முன் அமரும் முதியவருக்கு, வீட்டில் அடுத்த வேளை என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. கிழங்கும் பூசணியும் நல்லவையே. எனினும் பருப்பின் இடத்தை அவை நிரப்பா.

ஓர் எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் எவ்வளவு பருப்பு உண்ணலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். டயாலிசிஸ் தொடங்கும் முன் ஓர் அளவு, தொடங்கிய பின் வேறோர் அளவு.

பொங்கலில் பாசிப்பருப்பும், வெள்ளிக்கிழமைக் கடலைச் சுண்டலும் நம் முன்னோர் வைத்துச் சென்ற வழக்கம். அமினோ அமிலம் என்னும் பெயரை அவர்கள் அறியார். பசித்தவன் உடம்பை அறிந்திருந்தார்கள். நன்கொடையாளப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம்: அரிசி மூட்டை வழங்கும் அன்பர்கள், அதில் ஒரு பங்கைப் பருப்பாகவும் கடலையாகவும் தாருங்கள். கேள்வி கேட்ட அன்பருக்கும் இதுவே என் விடை. வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. நாம் இடும் அன்னம் உயிரணுவின் வாசல்வரை சென்று உள்ளே நுழைய வேண்டும். அப்போதுதான் அன்னதானம் முழுமை பெறும்.

எல்லாரும் நோயற்று வாழ முருகப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக.