யாரும் கேளாமல் கொடுத்தது

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் நான் வளர்ந்த நாட்களில், பின்னி, மினர்வா ஆலைகளில் உழைத்துத் தேய்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம், பஞ்சுத் தூசி படாத உத்தியோகத்தில் தம் பிள்ளை அமர வேண்டும் என்பதே மனோரதமாக இருந்தது. 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி. என அடுத்தடுத்து எழுந்த தொழிற்சாலைகள் அந்த மனோரதத்துக்கு ஓர் உருவம் தந்துவிட்டபடியால், எனக்கும் அவ்வழியே நிச்சயிக்கப்பட்டது.

என் மனமோ கல்வெட்டுகளை நாடியது. பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்நாடிகா’ ஒன்பதாம் தொகுதி பெங்களூர் ஜில்லாவின் சாசனங்களைக் கொண்டது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்ச் சாசனங்கள் இருக்கின்றன என்பதை அதன் வாயிலாக அறிந்தபோது உண்டான பரவசம் இன்றும் குறையவில்லை. மைசூரிலுள்ள மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகத்தில் பணியாற்ற வேண்டுமென்று ஆசைப்பட்டேன். தகப்பனாரின் நோயும் தங்கைகளின் கல்யாணமும் குறுக்கிட, தொழிற்சாலைக்குப் போனேன்.

அதற்காக நான் வருந்தவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். என்னை நம்பியிருந்தவர்கள் கேட்டது என் சம்பளத்தை. அதைக் கொடுத்தது நியாயமே. ஷிப்டு முடிந்த பிறகு எனக்கே உரியனவாயிருந்த மாலைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும், ஒருவரும் கேளாமலே, அடுத்த வீட்டாரின் அந்தஸ்துக்குச் சமமாக நிற்பதற்கென்று நானாகவே செலவிட்டேனே, அதுதான் இன்றளவும் நெஞ்சை அறுக்கிறது. குடும்பஸ்தன் கோயிற் சுவரைத் தடவிக்கொண்டு திரிகிறான் என்று நாலு பேர் சொல்லுவார்களே என அஞ்சினேன். அந்த நாலு பேர் யார் யார் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆகவே, ஒரு காரியத்தைப் பிறருக்காகச் செய்யத் துணியுமுன், அதைக் கேட்பவர் இன்னார் என்று பெயர் சொல்ல முடிகிறதா எனப் பாருங்கள். தாய் கேட்கிறாள், மனைவி கேட்கிறாள் என்றால் உட்கார்ந்து பேசலாம். எவ்வளவு போதும் என்றுகூடக் கேட்டறியலாம். பெயரே இல்லாத ஒருவருக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு இல்லை.

உத்தியோகத்தை உதறினால்தான் விருப்பம் நிறைவேறும் என்பதும் இல்லை. எழுத்தாளர் பாவண்ணன் கர்நாடகத்தில் தொலைபேசித் துறை உத்தியோகத்திலிருந்துகொண்டே சிறுகதைகளும் நாவல்களும் எழுதினார். பைரப்பாவின் ‘பர்வ’ என்னும் பெரிய கன்னட நாவலைத் தமிழாக்கி, 2005ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். காலம் செல்லச் செல்ல, செய்ததைவிடச் செய்யாமல் விட்டதே மனிதரை அதிகமாக வருத்துகிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் தாமஸ் கிலோவிச் ஆராய்ந்து கூறியிருக்கிறார்; என் அனுபவமும் அதுவே.

ஓய்வு பெற்றபின் கல்வெட்டுகளைப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். பழைய சாசனங்களில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஏகாரங்களுக்கு வேற்றுமை தெரியாது. ஆகையால் ஒரு வரியைப் படிக்கவே வெகு நேரமாகிறது. வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போனால் எழுத்துகளின் பள்ளம் தெளிவாகத் தெரியும். படித்தது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, ரைஸின் தொகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.