தோலில் தோன்றும் தடிப்புகள்

தேகத்தில் காரணம் விளங்காத தடிப்புகள் கண்டால், அவை அரிக்கின்றனவா, வலிக்கின்றனவா, அவ்விடத்தில் உணர்ச்சி உண்டா என்று முதலில் கவனித்தல் வேண்டும்.

விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள் தோன்றி, இரவில் அரிப்பு மிகுமாயின், அது பெரும்பாலும் சிரங்கு. நுண்ணிய பூச்சியொன்று தோலைத் துளைத்து முட்டையிடுவதே இதன் காரணம். ஒருவர் மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. வைத்தியர் சொற்படி வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசி, துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து உலர்த்த வேண்டும்.

சிவந்து வலிக்கும் கட்டியைப் பிதுக்கலாகாது. சிவப்பு பரவினாலும் சுரம் கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தடிப்புடன் உதடு வீங்கி மூச்சுத் திணறினால் கணமும் தாமதிக்கலாகாது.

அரிப்பும் வலியும் இல்லாதவற்றை ஜனங்கள் அலட்சியம் செய்கின்றனர், அதுவே பெருந்தவறு. உணர்ச்சியற்ற வெளிறிய தேமலும், காது மடலில் தோன்றும் முடிச்சுகளும் தொழுநோயின் அறிகுறிகளாகலாம். 1873-இல் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வருவது அந்நோய், பாவத்தின் பலனன்று. 6 முதல் 12 மாத மருந்தால் குணமாகும். 1995 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் அம்மருந்தை இலவசமாய் அளித்து வருகிறது. வெட்கி மறைப்போருக்கு நரம்பு கெட்டு விரல்கள் முடங்கக்கூடும். காலத்தில் காட்டுவோர் அங்கக் குறைவின்றி உழைத்து வாழலாம். இதனை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைத்தல் நலம்.