உங்கள் ரோபோவுக்கு என்ன பேர்?

ரோபோப் போட்டி நடக்கும் அரங்கில் உங்கள் டீமின் மேசை அருகே நின்று கைபேசியில் ப்ளூடூத்தைத் திறந்து பாருங்கள். 'ஹெச்.சி-05', 'ஹெச்.சி-05', 'ஹெச்.சி-05' என்று ஒரே பெயர் வரிசையாக வந்து நிற்கும். கடையில் வாங்கிய மாட்யூல்கள் தொழிற்சாலை இட்ட பெயரோடேயே வந்திருக்கின்றன. எது உங்களுடையது, எது பக்கத்து மேசைக்காரர்களுடையது என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதற்குள் உங்கள் சுற்றுக்கு அழைப்பு வந்துவிடும். பெயர் வைக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மாட்யூலில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தியபடி கரண்ட் கொடுத்தால் அது கட்டளை கேட்கும் நிலைக்குப் போகும். அங்கே பெயரை மாற்றுங்கள், 1234 என்றிருக்கும் கடவு எண்ணையும் கையோடு மாற்றுங்கள்.

வைஃபை மூலம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வைஃபை பெயருக்கு 32 பைட் வரைதான் இடம். தமிழில் வைக்கலாம், தாராளமாக வையுங்கள். ஆனால் தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'சிறுமலை' 21 பைட்டில் அடங்கிவிடும். 'மாங்காய்ப்பூட்டு' 48 பைட், அடங்காது.

இது தொழில்நுட்பப் பெயர். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கூப்பிடும் பெயர், பக்கத் தகட்டில் எழுதும் பெயர், இரண்டு வருடம் கழித்து உங்கள் ரெஸ்யூமில் ஏறும் பெயர் வேறு. பி.எஸ்.என்.ஏ., எஸ்.எஸ்.எம். போலத் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையிலோ கோயம்புத்தூர் இயந்திரத் தொழிற்சாலையிலோ ஓசூரிலோ நேர்முகத் தேர்வுக்கு உட்காரப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே எதிரில் இருப்பவர் அன்று காலையிலிருந்து 'லைன் ஃபாலோயர் ரோபோ' என்ற வரியைப் பல ரெஸ்யூம்களில் வாசித்துச் சலித்திருப்பார். உங்கள் தாளில் மட்டும் ரோபோவுக்கு ஒரு பெயர் இருந்து, "ஏன் இந்தப் பேர்?" என்று அவர் கேட்டுவிட்டால், பேச்சு நீங்கள் நன்றாக அறிந்த இடத்துக்கு வந்துவிடும். அந்தக் கேள்விக்கு உங்கள் பதில் "சும்மா, கெத்தா இருந்துச்சு சார்" என்று இருக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் நீங்கள் எடுத்த ஓர் இயந்திர முடிவு இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான்.

டெர்மினேட்டர், டைட்டன், தண்டர் வேண்டாம். 2010-ல் 'எந்திரன்' வந்த பிறகு ஊருக்கு ஊர் ஒரு 'சிட்டி' இருக்கிறது, அதுவும் வேண்டாம். இந்தப் பெயர்களை எந்த ரோபோவிலிருந்தும் கழற்றி எந்த ரோபோவிலும் மாட்டலாம். உங்கள் ரோபோவைப் பற்றி அவை எதுவுமே சொல்லாது.

எப்படிச் சொல்ல வைப்பது? நம் சமவெளிக்கு இது பழகிய வித்தை. தை பிறந்ததும் கொசவபட்டிக்கோ புகையிலைப்பட்டிக்கோ போய் வாடிவாசல் பக்கம் நில்லுங்கள். காரி, செவலை, மயிலை, கொம்பன்: கறுப்பு, சிவப்பு, சாம்பல் கலந்த வெண்மை, பெரிய கொம்பு. கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பவரும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எந்த மாடு என்று கண்டுகொள்வார். கண்ணில் படுகிற குணம்தான் பெயர். அறிவிப்பாளர் ஊரையும் உரிமையாளரையும் சொல்லி மாட்டைக் கூப்பிடும்போது மூன்றும் ஒன்றாகக் காதில் விழுகின்றன. ரோபோப் போட்டியிலும் இதே வரிசைதான்: கல்லூரி, டீம், ரோபோ. உங்கள் இயந்திரத்தில் பார்வையாளர் கண்ணுக்கு முதலில் படுவது எது? சுழலும் உருளையா, தாழ்ந்த முகப்பா, நீண்ட கையா? பெயரை அங்கே தேடுங்கள்.

வேலையே பெயரான கதைக்கு நமக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு கேரளத்தின் 'பாண்டிகூட்'. குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம், பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்காமல் அடைப்பை அள்ளுவதற்காக அந்த ரோபோவைச் செய்தது. 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. பின்னர் தமிழ்நாட்டிலும் கும்பகோணம் போன்ற ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. பாண்டிகூட் என்றால் பெருச்சாளி. சாக்கடைக்குள் போய் வரும் பிராணி எதுவோ அதன் பெயர். மேலே ஒரு நிலைச்சட்டம், அதிலிருந்து குழிக்குள் இறங்கும் கைகால் உள்ள பகுதி என்ற அதன் அமைப்பைப் பார்த்தவருக்கு வேறு விளக்கமே தேவையில்லை. அந்த இயந்திரத்தை ஓட்டப் பயிற்சி பெற்றவர்களில் பலர் முன்பு அதே குழிகளைச் சுத்தம் செய்த தூய்மைப் பணியாளர்கள். ஒரு கருவியின் பெயர் அதைத் தொட்டு வேலை செய்கிறவருக்கு முதலில் புரிய வேண்டும், முதலீட்டாளருக்கு அப்புறம் புரிந்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. பாண்டிகூட் அந்தச் சோதனையில் தேறுகிறது. கல்லூரி நண்பர்கள் வைத்த பெயர் இன்று நகராட்சிகளின் கொள்முதல் கோப்புகளில் இருக்கிறது.

சரி, எப்போது பெயர் வைப்பது? டீம் சேர்ந்த முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் பெயர்ச் சண்டை தொடங்கிவிடுகிறது. டீமுக்கு வேண்டுமானால் அன்றே பெயர் வையுங்கள், அது ஜூனியர்களிடம் போய்ச் சேர வேண்டிய சொத்து. ரோபோவின் பெயர் ஒரு பருவத்துக்கு உரியது. அமெரிக்கப் பள்ளிகளின் ஃபர்ஸ்ட் போட்டியில் புகழ்பெற்ற, சான் ஹோசே நகரின் 254-ஆம் எண் டீமைப் பாருங்கள். எண்ணும் டீம் பெயரும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. ரோபோவுக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் புதுப் பெயர், அதுவும் ஒரே சொல்லில்: 2013-ல் ஓவர்கில், 2014-ல் பராஜ், 2018-ல் லாக்டவுன். அந்த லாக்டவுனோடு அவர்கள் உலகப் பட்டமும் வென்றார்கள். இதற்கு மாறான வழி ஐ.ஐ.டி. பம்பாய் மாணவர்களுடையது. நீருக்கடியில் தானாக ஓடும் அவர்களுடைய வாகனங்கள் எல்லாமே 'மத்ஸ்யா'. புது வடிவம் வந்தால் பின்னால் எண் ஏறும். ஒரே வேலையை ஆண்டுதோறும் மெருகேற்றுகிறவர்களுக்கு எண் வழி நல்லது. ஆட்டம் ஆண்டுதோறும் மாறினால் புதுப் பெயர் நல்லது. எப்படியானாலும் அடிச்சட்டமும் முக்கிய இயக்கமும் முடிவான பிறகே பெயரை உறுதி செய்யுங்கள். நாலு சக்கரம் என்று பெயர் வைத்துவிட்டு ஆறு சக்கரத்தில் வந்து நிற்பது பார்க்க நன்றாக இராது.

ஏ.பி.யு. ரோபோகான் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அங்கே விதிப்புத்தகமே ரோபோவுக்குப் பாத்திரப் பெயர் கொடுத்துவிடும். கம்போடியா நடத்திய 2023 போட்டியில் ஒன்று யானை ரோபோ, மற்றது முயல் ரோபோ. நம் ஏழுகல் ஆட்டத்தை வைத்து 2022-ல் டெல்லி நடத்தியபோது ஆர்-1, ஆர்-2. ஆய்வுப் படிவத்தில் அந்தப் பெயரையே எழுதுங்கள், உங்கள் பெயர் தகட்டில் இருக்கட்டும்.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். வாட்ஸ்அப் வாக்கெடுப்பு வைத்தால் அதிகம் நண்பர்கள் உள்ளவரின் பெயர்தான் ஜெயிக்கும். நாசா செவ்வாய் ஊர்திகளுக்குப் பெயர் வைத்த முறை இதைவிட நல்லது. பள்ளிப் பிள்ளைகளிடம் பெயரோடு ஒரு கட்டுரையும் கேட்டார்கள். 'கியூரியாசிட்டி' 12 வயது கிளாரா மா எழுதி அனுப்பியது. 'பெர்சிவியரன்ஸ்' ஏழாம் வகுப்பு மாணவர் அலெக்சாண்டர் மாதர் கொடுத்தது, 2020 மார்ச்சில் அறிவித்தார்கள். அதற்கு வந்தவை சுமார் 28,000 கட்டுரைகள். பெயரை மட்டும் பார்க்காமல் காரணத்தையும் எடைபோட்டார்கள். உங்கள் டீமிலும் அப்படியே செய்யலாம். ஆளுக்கு ஒரு பெயர், அதன் கீழே ஐந்து வரி, அந்த ஐந்தில் ஒரு வரியாவது நம் ரோபோவின் ஒரு பாகத்தைப் பற்றி இருக்க வேண்டும். எழுதியவர் யாரென்று காட்டாமல் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். வெல்டிங் பார்ப்பவரும் கோடு எழுதுபவரும் கணக்கு வழக்கு பார்க்கும் தங்கையும் ஆளுக்கொரு மதிப்பெண் போடட்டும். பெயர் கிடைப்பதோடு, நம் ரோபோ என்னதான் செய்கிறது என்பதில் டீமுக்குள் இருக்கும் குழப்பமும் அந்த அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடும். வடிவமைப்பு ஆய்வுக் கூட்டம் போட்டும் வெளிவராத குழப்பங்கள் இப்படி வெளிவரும்.

பெயர் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாகல் நகர் பட்டறைகளில் தட்டி, அரம் போட்டுச் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுகளின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மாங்காய் வடிவில் இருந்தால் மாங்காய்ப்பூட்டு. சாவியைத் திருப்பினால் மணி அடிப்பது மணிப்பூட்டு. நான் மேலே சொன்ன விதியை இந்தக் கைவினைஞர்கள் எப்போதோ கடைப்பிடித்துவிட்டார்கள். பொருளைக் கவ்விப் பிடிக்கும் ரோபோவுக்கு இந்தப் பட்டியலிலேயே பெயர் இருக்கிறது. சாய்தளம் ஏறும் ரோபோவா? சிறுமலை இருக்கிறது, நம் மலைக்கோட்டைப் பாறையும் இருக்கிறது. நிறம் பார்த்துப் பொருளைப் பிரிப்பதா? ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தரம் பிரிக்கிறவர்கள் என்ன சொல் சொல்கிறார்கள் என்று ஒரு காலைப் பொழுது போய்க் கேட்டு வாருங்கள். கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து நகர்வதா? சின்னாளப்பட்டிச் சுங்குடியைவிடப் பொருத்தமான பெயர் எது?

இனி சல்லடை. முதலில், இரைச்சலுக்கு நடுவே கத்திப் பாருங்கள். மூன்று அசைக்கு மேல் போனால் சுருக்குங்கள். அடுத்து, ஆங்கில எழுத்தில் எழுதித் தமிழ் தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். ழகரம் வரும் பெயரை மும்பை அறிவிப்பாளர் ஸகரமாக்கி வாசிப்பார், 'வாழை' 'வாஸை' ஆகிவிடும். பிடிவாதமாக ழகரம்தான் வேண்டும் என்றால் தவறில்லை. உச்சரிப்பை ஒரு சீட்டில் எழுதி ஆட்டத்துக்கு முன் அவர் கையில் கொடுங்கள். பிறகு இணையத்தில் தேடுங்கள். இப்போது 'மத்ஸ்யா' என்று தேடினால், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் மத்ஸ்யா 6000-உம் கூடவே வந்து நிற்கும். பம்பாய் மாணவர்கள் முன்பே வைத்த பெயர்தான், ஆனால் தேடுபவருக்கு அது தெரியாது.

சண்டை ரோபோவுக்குச் சாமி பெயர் வைக்காதீர்கள். அது கவிழும், பேட்டரி புகையும், எதிரணி கைதட்டும். நாம் கும்பிடுகிற பெயரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது யாருக்கும் மகிழ்ச்சி தராது. சாதிக் கொடியாகிவிட்ட வரலாற்றுப் பெயர்களும் வேண்டாம். ஒரு டீமுக்குள் நாலு ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறீர்கள், தகட்டில் எழுதுகிற பெயர் எல்லாருக்கும் சொந்தமாக இருக்கட்டும்.

ஸ்பான்சர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. லேத் பட்டறை அண்ணன் இலவசமாக ஷாஃப்ட் கடைந்து கொடுத்துவிட்டு, "தம்பி, நம்ம கடை பேரையே வச்சிருங்க" என்பார். கடைப் பெயரைப் பக்கத் தகட்டிலும் டீ-ஷர்ட்டிலும் பெரிதாகப் போடுங்கள், பரிசு வாங்கினால் அவரை மேடைக்குக் கூப்பிடுங்கள். ரோபோவின் பெயரை மட்டும் விற்காதீர்கள். நன்றியைப் பெயரிலேயே காட்ட வழி இல்லாமல் இல்லை. ஓட்டுநரில்லாக் கார்களுக்கான 2007 டார்ப்பா போட்டியில் வென்ற கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் காருக்கு 'பாஸ்' என்று பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்த, காரின் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கண்டுபிடித்த சார்லஸ் கெட்டரிங்கின் பட்டப்பெயர் அது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த அணிக்குத் துணை நின்ற நிறுவனம். அதன் வணிகப் பெயர் காருக்கு வரவில்லை, அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயர் வந்தது. உயிரோடு இருப்பவர் பெயரை வைப்பதானால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

போட்டி முடிந்து, ரோபோவை விற்கும் பொருளாக்கும் எண்ணம் வந்தால் வணிகச் சின்னப் பதிவு தேவைப்படும். அரசின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். வெறும் 'திண்டுக்கல்' என்ற ஊர்ப்பெயரைத் தனியாகப் பதிய முயன்றால் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோமே என்று காந்தி பெயரை வணிகத்துக்கு எடுக்கவும் முடியாது, அதற்கு 1950-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இருக்கிறது.

கடைசியாக ரெஸ்யூம். பெயர், எடை, வேலை, உங்கள் கை பட்ட பாகம் நான்கும் ஒரே வரியில் வர வேண்டும். இப்படி வைத்துக்கொள்வோம்: 'மணிப்பூட்டு: 15 கிலோ எடை, பொருளைக் கவ்வும் ரோபோ, பிடிமானக் கையும் அதன் உணரியும் என் பொறுப்பு.' "ஏன் மணிப்பூட்டு?" என்று கேட்பார். "சார், எங்க ஊர்ப் பூட்டுல ஒரு வகை, சாவி திரும்பினா மணி அடிக்கும். எங்க ரோபோவோட கை பின்பக்கம் இருக்கு, ஓட்டுறவருக்குத் தெரியாது. அதனால பொருள் சரியா மாட்டினதும் லிமிட் ஸ்விட்ச் அழுந்தி பஸர் அடிக்கிற மாதிரி வச்சோம்." இவ்வளவு சொன்னால் போதும், நிறுத்திவிடுங்கள். அடுத்த கேள்வி அந்த ஸ்விட்சை ஏன் அந்த இடத்தில் பொருத்தினீர்கள் என்பதாக இருக்கும். வயரிங் படத்தின் ஒரு பிரதி உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.