கோயிலில் கூடிய வணிகர்

மலைநாட்டுத் தேயிலையின் வரலாற்றைக் கற்ற மாணவர் எவரும் ஜேம்ஸ் டெயிலரின் பெயரை அறிவர். 1867-ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் அவர் தேயிலை பயிரிட்டதும், 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்ததும், 1885-இல் இருப்புப்பாதை நானுஓயாவை அடைந்ததும் பாடநூல்களில் உள்ளன. ஆயினும், இத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் பணம் எவர் எவர் கைகளிலிருந்து வந்தது என்னும் வினா அந்நூல்களில் அரிதாகவே எழுகின்றது. அதற்கு விடை தேடுவோர் அட்டனிலிருந்து கொழும்புச் செட்டியார் தெருவுக்கு இறங்கிச் செல்ல வேண்டும்.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டிக்கடை நடத்தினர். கடை என்றால் கண்ணாடிப் பேழைகளை எண்ணற்க. தரையில் ஒரு பாய், அதன்மேல் ஒரு பெட்டி, அருகில் கணக்கேடு, அவ்வளவே. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவருடைய அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜண்டு பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குக் கடல்கடந்து வருவார். அவருக்குக் கீழ் அடுத்தாள், அவருக்குங் கீழே பெட்டியடிப் பையன். அந்தப் பையனே பின்னாளில் ஏஜண்டாவான். வணிகக் கல்லூரி அவனுக்குப் பெட்டியடியே. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்களாலான 'விலாசம்' கடையின் பெயராயிற்று. அவ்வெழுத்துக்களைக் கண்ட அளவிலேயே ஊரார் கடன் கொடுப்பர்.

இவர்களுடைய சங்கம் எங்கே இருந்தது? முருகன் கோயிலே சங்கம். கொழும்பில் கதிரேசன் கோயில்கள், சிங்கப்பூரில் 1859-இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயில், இவ்வாறே இரங்கூனிலும். இரங்கூனில் கடைக்காரர் கோயிலிற் கூடி மாதந்தோறும் 'நடப்பு வட்டி'யை உறுதி செய்தனர். தமக்குள் எழுந்த வழக்குகளையும் அவ்வாறு கூடியே தீர்த்தனர். ஒவ்வொரு கடையும் 'மகமை' என்னும் சிறு பங்கைச் சுவாமி கணக்கில் வரவு வைத்தது. அப்பணம் விளக்கேற்றியது, அன்னமிட்டது, எஞ்சியது மீண்டும் வட்டிக்குச் சென்றது. பக்தியையும் வரவு செலவையும் ஒரே ஏட்டில் எழுதியதைச் சிலர் நகைப்பர். எனக்கு அது நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை. பொய்க்கணக்கு எழுதியவன் கூட்டாளியை மட்டுமன்றிக் குலத்தையும் கோயிலையும் இழப்பான் என்பதைவிட வலிய பிணை எந்த நீதிமன்றத்தில் உண்டு?

இக்கட்டுப்பாட்டின் பயன் பெரிது. 1929-30-இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணை, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகளும் 75 கோடி ரூபாய் முதலும் இருந்தனவெனக் கண்டது.

இனி, சிங்கப்பூரைச் சற்று நோக்குவோம். அங்கு மார்க்கெட் தெருச் செட்டிமாரிடம் கடன் கொண்டவருட் சீன வணிகரும் பலர். அவர்களும் தொடக்கத்திற் கோயிலையும் ஊர்ச்சங்கத்தையும் சார்ந்தே நின்றனர். ஹொக்கியன், தியோச்சு, கந்தோனியர், ஹக்கா, ஹைனானியர் எனப் பேச்சுவழக்கு வாரியாகப் பிரிந்திருந்தனர். 1906-இல் அவர்கள் சீன வர்த்தக சபையை நிறுவினர். குழுவின் இடங்களை அப்பிரிவுகளுக்குப் பங்கிட்டே பல்லாண்டு நடத்தினர். இப்பங்கீடு அழகானதன்று, எனினும் ஒருவரையொருவர் நம்பாதவரை ஒரே மேசையில் அமர்த்தியது. 1962-இல், சப்பானிய ஆட்சிக்காலத்தில் கொல்லப்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டபோது, அவற்றை அகழ்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றது அச்சபையே. அதன் முயற்சியின் பயனாக 1967-இல் எழுந்த நினைவுச்சின்னம் எல்லா இனத்தவருக்கும் உரியதாயிற்று.

நகரத்தாருக்கு இத்தகைய பங்கீடு தேவைப்படவில்லை. ஒன்பது நகரக்கோயில்களுள் ஒன்றைச் சார்ந்த ஒரே குலத்தவர் அவர், அதுவே பலம். அதுவே எல்லையும் ஆயிற்று. கடன் கொடுத்தவர் அனைவரும் சங்கத்துக்கு உள்ளே. கடன் பட்டவர் அனைவரும் வெளியே.

வெளியே நின்றவருட் கடைசியில் நின்றவர் நம் தோட்டத் தொழிலாளர். கங்காணிமாரின் கைக்குத் தோட்டத்திலிருந்தும் பணம் வந்தது, செட்டிமாரிடமிருந்தும் வந்தது. அதற்கு ஈடாக நின்ற தாள் 'துண்டு'. இத்தனை ஆட்களின் கடனாகிய இவ்வளவு ரூபாயைச் செலுத்துவோரிடம் இவர்களை விட்டுவிடுவேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. அது கைமாறியது, விலை ஏறியது, அதைக் காட்டிக் கடனும் வாங்கப்பட்டது. செட்டியார் தெருவில் ஒரு தாளின் பெறுமதியாய் இருந்தது, தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்தின் தலைச்சுமையாய் இருந்தது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

செட்டிமாரின் செல்வாக்கும் நெடுநாள் நிலைக்கவில்லை. அவர்கள் முதலின் ஒரு பகுதி ஆங்கில வங்கிகளிடமிருந்து பெற்றதாகும். 1925-இல் கொழும்பிற் பெருங்கடை ஒன்று முறிந்தபோது வங்கிகள் கையைச் சுருக்கிக் கொண்டன. 1929-இன் உலக மந்தம் அடுத்து வந்தது. 1934-இல் சேர் சோராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு அரசின் துணையுடைய வங்கி வேண்டுமென்றது. 1939-இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் எஞ்சிய ஏஜண்டுகளின் போக்குவரவை அரிதாக்கின. அதே குடியுரிமைச் சட்டம் கடன் கொடுத்தவரையும் கடன் சுமந்தவரையும் ஒன்றாகவே அந்நியராக்கியது. தொழிலாளர் திரும்பிச் செல்லும் ஊரையும் இழந்திருந்தனர் என்பது ஒன்றே வேறுபாடு.

ஆயின், தொழிலாளருக்குச் சங்கம் எப்போது வந்தது? தஞ்சையில் வணிகர் சங்கப் பணியில் ஈடுபட்டிருந்த கோ. நடேசய்யர் இலங்கைக்கு வந்தார். தோட்டத்துள் வெளியார் நுழைய இயலாத காலம் அது. ஆகவே புடைவை வியாபாரி போல மூட்டை சுமந்து உள்ளே சென்று, தொழிலாளர் நிலையைக் கண்டார். வணிகருக்குச் சங்கம் வளர்க்க வந்தவர், வணிகர் வேடத்திலேயே தொழிலாளரிடம் சென்றார். 1931-இல் அவர் தோற்றுவித்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைமையிடம் கொழும்பில் அமையவில்லை. அது அட்டன் நகரில் அமைந்தது.