ஒலிபெருக்கியில் தொலைந்த ‘ஸ்’ ஒலி

எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் உயர்தர ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டை வாங்கித் தந்திருந்தனர். ஆங்கிலக் கேட்டல் பயிற்சிக்கு அவற்றையே பயன்படுத்தினோம். ஒரு பயிற்சியில் மாணவர் சிலர் ‘ஸிக்ஸ்’ என்பதை ‘ஃபிக்ஸ்’ என்றும், ‘ஸெல்’ என்பதை ‘ஃபெல்’ என்றும் எழுதினர். கவனக்குறைவு என்று கருதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் அதே சொற்களை நானே வாசித்தபோது எல்லோரும் சரியாக எழுதினர். தவறியவர்கள் அனைவரும் வலப்பக்கப் பெட்டியின் அருகில் அமர்ந்தவர்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

பெட்டியில் உள்ள பெரிய வூஃபர் தாழ்ந்த அதிர்வெண்களையும், சிறிய ட்வீட்டர் சுமார் 2,000 அல்லது 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றையும் ஒலிக்கின்றன. ‘ஸ்’ ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. ட்வீட்டர் பழுதானாலும் பேச்சு கேட்கும். மெய்யொலிகளின் வேறுபாடு மட்டும் மங்கிவிடும்.

குறையைக் கண்டறிந்த விதம்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் சேர்ந்து மூன்று படிகளில் சோதித்தேன்.

1. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் இரு பெட்டிகளின் வயர்களையும் இடம் மாற்றினோம். குறை அதே பெட்டியில்தான் நீடித்தது. எனவே ஆம்ப்ளிஃபையரில் பழுதில்லை.

2. குறைந்த ஒலியளவில் வைத்து, தாளைக் குழலாகச் சுருட்டி ட்வீட்டரின் அருகே கேட்டோம். ஒலியே இல்லை.

3. மீண்டும் மின்சாரத்தை நிறுத்தி, ட்வீட்டரைக் கழற்றி, அதன் வயர்களை விடுவித்து மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தோம். நல்ல ட்வீட்டர் சுமார் 6 ஓம் காட்டியது. மற்றதில் சுற்று திறந்திருந்தது. கம்பிச்சுருள் எரிந்திருந்தது.

“சார், மேலே 8 ஓம்னு போட்டிருக்கே?” என்றாள் ஒரு மாணவி. அச்சிட்டிருப்பது மாறுதிசை மின்னோட்டத்திற்கான மின்மறுப்பு. மீட்டர் அளப்பது நேர்திசை மின்தடை. அன்றைய பாடம் அந்தக் கேள்வியிலிருந்தே வளர்ந்தது.

சுருள் நன்றாக இருந்தும் ஒலி வராவிட்டால், அதனுடன் தொடரிணைப்பில் உள்ள மின்தேக்கியையும் இணைப்புகளையும் சோதிக்க வேண்டும்.

காரணமும் மாற்றமும்

ஆண்டு விழாவில் ஆம்ப்ளிஃபையரை முழு அளவில் வைத்தவன் நானே. திறனை மீறி இயக்கும்போது அலையின் முகடுகள் வெட்டுப்படும். மிகையான உயர் அதிர்வெண் ஆற்றல் உருவாகி, ட்வீட்டரின் மெல்லிய சுருளைச் சூடாக்கி எரித்துவிடும். மின்னோட்டத்தின் வெப்ப விளைவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மாற்று ட்வீட்டர் வாங்கும்போது அதே மாதிரியையே வாங்குவது நல்லது. கிடைக்காவிட்டால் மின்மறுப்பு, உணர்திறன், திருகுத்துளை அளவு ஆகியவை பொருந்த வேண்டும். நேர், எதிர் முனைகளைக் கழற்றும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். ட்வீட்டரின் காந்தம் திருப்புளியை இழுக்கும். கை நழுவினால் மென்மையான குவிமாடம் கிழிந்துவிடும். எனவே அதன்மேல் அட்டையை வைத்து மறைத்தபடி திருகினோம். பிறகு குறைந்த ஒலியளவிலேயே சோதித்தோம்.

அந்தப் பயிற்சியை மீண்டும் நடத்தினேன். வலப்பக்க மாணவர்களும் ‘ஸிக்ஸ்’ என்றே எழுதினர். குறைத்த மதிப்பெண்களைத் திருத்தி, தவறு என்னுடையது என்று வகுப்பில் சொன்னேன்.

ஒலிபெருக்கிவழிக் கேட்டல் பயிற்சியில் மாணவர் தவறினால், இடம் மாற்றி அமர்த்தியும் நேரில் வாசித்தும் பாருங்கள். நேரில் வாசித்தும் தவறு தொடர்ந்தால் செவித்திறன் பரிசோதனைக்குப் பரிந்துரையுங்கள். அதன் பிறகு மதிப்பெண் இடலாம்.