சிலிண்டர் வாசலுக்கு வரும்போது: கேஸ் நுகர்வோர் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

புக்கிங் போடுகிறோம், சிலிண்டர் வருகிறது, பணம் கொடுத்து வாங்கி வைக்கிறோம். அதோடு வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்த 5 நிமிடத்தில் நீங்கள் கேட்க வேண்டியதும் பார்க்க வேண்டியதும் சில இருக்கின்றன. சமையல் எரிவாயு, 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்துக்கு உட்பட்டது. அதன் விநியோகத்துக்கென்றே 2000-ஆம் ஆண்டில் தனி ஆணை உள்ளது. அதாவது, முறையான சேவை உங்கள் உரிமை.

1. பில் தொகை மட்டும்தான்

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கட்டணமும் பில் தொகைக்குள்ளேயே அடக்கம். "மாடி ஏறணும், 50 ரூபாய் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தடவைக்கு 50 ரூபாய் என்றால், 12 சிலிண்டருக்கு 600 ரூபாய் ஆகிவிடும். பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள தொகையை மட்டும் கொடுங்கள். ஆன்லைனில் முன்கூட்டியே கட்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

2. எடையைப் பாருங்க

வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய எரிவாயு 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் மேல்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அது 15.3 கிலோ என்றால், மொத்தம் 29.5 கிலோ காட்ட வேண்டும். கொண்டுவருபவர் தராசு வைத்திருக்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். சீல் உடைந்திருந்தால் வாங்காதீர்கள்.

3. 'டி-27' என்றால் என்ன?

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் எழுதியிருக்கும். அது எரிவாயுவின் காலாவதி தேதி அல்ல. சிலிண்டரை அடுத்து எப்போது பரிசோதனை செய்ய வேண்டும் என்பதற்கான குறியீடு.

ஏ – ஜனவரி முதல் மார்ச் வரை
பி – ஏப்ரல் முதல் ஜூன் வரை
சி – ஜூலை முதல் செப்டம்பர் வரை
டி – அக்டோபர் முதல் டிசம்பர் வரை

டி-27 என்றால் 2027 டிசம்பர் வரை. அந்தக் காலம் தாண்டிய சிலிண்டர் வந்தால், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

4. ஓடிபியை முன்கூட்டியே சொல்லாதீங்க

புக்கிங் செய்ததும் உங்கள் மொபைலுக்கு ஒரு டெலிவரி குறியீட்டு எண் வரும். சிலிண்டர் கைக்கு வந்த பிறகே அதைச் சொல்லுங்கள். போனில் முன்னதாகச் சொல்லிவிட்டால், சிலிண்டர் வராமலேயே வந்ததாகப் பதிவாகிவிடலாம். அப்படி எஸ்எம்எஸ் வந்தால் உடனே புகார் செய்யுங்கள். உங்கள் பெயரில் பதிவான சிலிண்டர் வேறு எங்கோ விற்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

5. நமக்கும் விதி உண்டு

வீட்டு சிலிண்டரை டீக்கடையிலோ ஹோட்டலிலோ வாகனத்திலோ பயன்படுத்தக் கூடாது. கடைகளுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் தனியாக இருக்கிறது. ஒரே சமையலறை கொண்ட குடும்பத்துக்கு ஒரு இணைப்புதான். அதில் இரண்டாவது சிலிண்டர் பெற்றுக்கொள்ளலாம். புதிய இணைப்பு வாங்கும்போது "அடுப்பையும் எங்ககிட்டதான் வாங்கணும்" என்று ஏஜென்சி கட்டாயப்படுத்த முடியாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள அடுப்பு எங்கு வாங்கியதாக இருந்தாலும் சரி.

6. குழாய் எரிவாயு வந்திருக்கிறதா?

சிலிண்டரில் வருவது எல்பிஜி. நகர எரிவாயுத் திட்டத்தின் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. இந்தத் திட்டங்களுக்கு அனுமதி தருவது, 2006-ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். இங்கே மீட்டர் ஓடிய அளவுக்குத்தான் கட்டணம். ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள்: கசிந்தால் எல்பிஜி தரையோடு தங்கும், இயற்கை எரிவாயு மேலே எழும். எதுவானாலும் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டர் அல்லது வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து போன் செய்யுங்கள்.

எங்கே புகார் செய்வது?

எல்பிஜி கசிவு: 1906 (24 மணி நேரமும்)
எண்ணெய் நிறுவனங்களின் சேவை மையம்: 1800-2333-555
தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915

மாவட்ட வழங்கல் அலுவலரிடமும் மனு கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகங்களில் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடக்கும்போது ஏஜென்சிகளும் எண்ணெய் நிறுவன அதிகாரிகளும் வருவார்கள். பில்லின் போட்டோ, புக்கிங் எண், தேதி மூன்றும் கையில் இருந்தால் உங்கள் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது. 1906-ஐ இப்போதே மொபைலில் சேமித்துவிடுங்கள்.