ஸ்பிரிங் கீல் கதவு: முறுக்குவது கடைசி வேலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் சிட்கோவிலோ ஒரு தொழிற்சாலைக் கேன்டீனுக்குள் போனால், கதவைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். கதவோரம் செங்கல் கிடந்தால் அந்தக் கதவின் கதை முழுவதும் தெரிந்துவிடும். தானாக மூடவேண்டிய கதவு ஒருநாள் பாதியில் நின்றது. யாரோ ஸ்பிரிங்கை நன்றாக முறுக்கிவிட்டார். கதவு பளாரென்று அறைய ஆரம்பித்தது. சாம்பார் வாளியோடு வந்தவர் முழங்கையில் அடி வாங்கினார். மறுநாள் செங்கல் வந்தது. அதன்பிறகு கதவு மூடவே இல்லை.

ஸ்பிரிங் கீலுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், நிதானிக்கத் தெரியாது. எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் டோர் குளோசரில் வேகத்தைக் குறைக்க வால்வு உண்டு. இதில் அப்படி எதுவும் இல்லை. எனவே பூட்டின் நாக்கு குழியில் விழும் அளவுக்கு முறுக்கினால் போதும். அதற்குமேல், கீலில் பின் செருகும் துளைகளில் ஒரு துளைகூட ஏற்ற வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டுக் கதவைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தரையில் உரசுகிறதா, நிலையில் பிடிக்கிறதா, நாக்கு விழும் தகடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கீலின் எல்லா ஸ்க்ரூக்களையும் இறுக்குங்கள். நிலைக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய 3 மி.மீ. இடைவெளி சீராக இருக்க வேண்டும். இதைச் சரிசெய்தாலே பல கதவுகள் முறுக்காமலே மூடிவிடும்.

2. நேரம் பார்த்துக் கை வையுங்கள். ஷிப்ட் மாறும் நேரமும் டீ நேரமும் இதற்கு ஆகாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

3. கதவை மூடி வைத்து முறுக்குங்கள். மூடிய கதவில்தான் ஸ்பிரிங்கின் இழுவை மிகக் குறைவு. கீலின் உச்சியில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயை, அதாவது பட்டறையில் ‘எல்என் கீ’ என்பார்களே, அதை முழு ஆழத்துக்கு நுழையுங்கள். மெல்லத் திருப்பும்போது துளையில் இருக்கும் சிறிய பின் தளர்ந்து ஆடினால் சரியான பக்கம் திருப்புகிறீர்கள். பின் இன்னும் இறுகினால் அது தப்பான பக்கம். பின்னை உருவி, அடுத்த துளை எதிரே வரும்வரை திருப்பி, அதில் பின்னைச் செருகுங்கள். பின் கீலின் உடம்பில் நன்றாகச் சாய்ந்து உட்காரும்வரை கீயைப் பிடித்தபடியே தளர்த்துங்கள்.

4. ஒவ்வொரு துளையாகவும் சமமாகவும் போங்கள். மூன்று கீல் உள்ள கதவில் இரண்டு ஸ்பிரிங் கீலாக இருந்தால் இரண்டையும் ஒரே அளவுக்கு முறுக்குங்கள். ஒன்று மட்டும் இழுத்தால் அந்தக் கீலின் ஸ்க்ரூ முதலில் கழன்று வரும்.

5. மூன்று இடத்தில் விட்டுப் பாருங்கள். முழுவதும் திறந்து, பாதி திறந்து, ஒரு சாண் மட்டும் திறந்து விடுங்கள். மூன்றிலும் நாக்கு ‘டக்’ என்று விழவேண்டும். ஒரு சாண் சோதனைதான் கடினமானது. அங்கே கதவுக்கு ஓட்டம் இருக்காது, ஸ்பிரிங்கை மட்டும் நம்பியிருக்கும். கேன்டீன் சமையலறையில் இந்தச் சோதனையை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டும் நிறுத்தியும் செய்யுங்கள். ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது வெளிக்காற்று உள்ளே நுழையப் பார்க்கும். உள்பக்கம் திறக்கும் கதவை அது மூடவிடாது, வெளிப்பக்கம் திறக்கும் கதவை அறைந்து மூடும்.

6. வேகத்தையும் பாரத்தையும் அளந்து பாருங்கள். உடல் ஊனமுற்றோருக்கான அமெரிக்கக் கட்டட விதிகள் (2010) ஸ்பிரிங் கீல் கதவு 70 டிகிரியிலிருந்து மூட குறைந்தது 1.5 விநாடி ஆகவேண்டும் என்கின்றன. தீத்தடுப்புக் கதவு நீங்கலாக, உள்ளறைக் கதவைத் திறக்க 22.2 நியூட்டனுக்குமேல் பலம் கேட்கக்கூடாது என்றும் சொல்கின்றன. நமக்கு அது சட்டமில்லை, ஆனாலும் நல்ல அளவுகோல். மீன் கடையில் தொங்கும் ஸ்பிரிங் தராசின் கொக்கியைக் கைப்பிடியில் மாட்டி இழுத்தால் முள் சுமார் 2.25 கிலோவைத் தாண்டக்கூடாது.

7. எழுதி வையுங்கள். எந்தக் கீலில் எத்தனை துளை, எந்தத் தேதி என்பதைக் கதவின் பக்கவாட்டில் மார்க்கரால் குறித்துவிடுங்கள். அடுத்த ஷிப்டில் வருபவர் மறுபடியும் முறுக்காமல் இருப்பார்.

இரு பக்கமும் ஆடும் கதவுக்கு

கிளினிக்கிலும் சமையலறை வாசலிலும் இடுப்புயரத்தில் ஆடும் பாதிக் கதவுக்கு வேறு கீல். அதில் இரண்டு குழாய்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து ஆட்டத்துக்கு. இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 453. குழாயின் வளையத்தில் உள்ள துளையில் டாமி கம்பியைச் செருகித் திருப்பி, பின் போடவேண்டும். கதவு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் இரு குழாய்களும் சமமாக இல்லை என்று பொருள். இறுக்குவதற்கு முன் எது அதிகமோ அதைக் குறைத்துப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

1. பின் தொலைந்தால் ஆணி போடாதீர்கள். கம்பி ஆணி வளையும், அறுந்தும் போகும். அந்த நொடியில் கீயோ டாமி கம்பியோ கையிலிருந்து சுழன்று பறக்கும். முகத்தைக் கீலுக்கு நேரே வைத்துக்கொண்டு ஒருபோதும் முறுக்காதீர்கள்.

2. தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். அந்த அளவுக்கு முறுக்கியும் மூடவில்லை என்றால் கதவு கீலுக்குக் கனமாக இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது. கீலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் டோர் குளோசர் போடுங்கள்.

3. மழைக்கால உப்பலை ஸ்பிரிங்கால் வெல்லப் பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மரக்கதவு ஈரம் குடித்துப் பிடிக்கும். அப்போது இரண்டு துளை ஏற்றினால் சித்திரையில் மரம் சுருங்கி, கதவு அறையத் தொடங்கும். உரசும் இடத்தை இழைப்புளியால் சீவுங்கள், சீவிய இடத்தில் பெயின்ட் அடியுங்கள்.

4. எண்ணெய் ஊற்றாதீர்கள். ரோலிங் மில் பக்கத்துத் தூசியில் இரும்புத்தூள் கலந்திருக்கும். எண்ணெயோடு சேர்ந்தால் அது அரைக்கும் பசையாகிவிடும். துடைத்துவிட்டு, காய்ந்து நிற்கும் சிலிக்கான் ஸ்பிரேயோ கிராஃபைட் தூளோ போடுங்கள். பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்று படும் இடத்துக்குப் புதிதாக வாங்கினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் கேளுங்கள்.

5. வெள்ளத்தில் மூழ்கிய கீலை முறுக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற கட்டடங்களில் கீழ்க் கீல் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். வெளியே பளபளப்பாக இருந்தாலும் நம்பவேண்டாம்.

6. தீத்தடுப்புக் கதவில் சொந்தக் கைவேலை காட்டாதீர்கள். மாடிப்படிக் கதவு தானாக மூடுவது தீயும் புகையும் படிக்கட்டுக்குள் போகாமல் தடுப்பதற்காக. வெளியேறும் கதவை உள்ளிருப்பவர் சாவியில்லாமல் திறக்க முடியவேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016. அத்தகைய கதவுக்குக் கயிறு, கொக்கி, செங்கல் எதுவும் ஆகாது. ஓய்ந்த கீலுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்ததை மாட்டவும் கூடாது. கதவைத் தந்தவரிடம் கேட்டு, அதே ரகத்தைப் போடுங்கள்.

7. கதவால் அடிபடுபவரைக் கேட்காமல் வேலையை முடிக்காதீர்கள். சோதிக்கும் உங்களுக்கு இரண்டு கையும் காலி. டிபன் தட்டோடு வருபவருக்கும் பொருள் தள்ளுவண்டி தள்ளுபவருக்கும் அப்படியில்லை. அவர்களை ஒருமுறை நடந்து காட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அதே வாசலுக்குப் போய்த் தரையைப் பாருங்கள். செங்கல் திரும்பி வந்திருந்தால், கீயை எடுத்து ஒரு துளை குறையுங்கள்.